ஜப்பானில் பூச்சி வளர்ப்பு

ஜப்பானில் பூச்சி வளர்ப்பு என்பது வண்டு, பாச்சை முதலிய பூச்சிகளைப் பிடித்தும், விலைக்கு வாங்கியும், வீட்டில் வளர்த்தும், இனப்பெருக்கம் செய்தும், இறந்தபின் பாடம் செய்து காத்தும் வரும் பொழுதுபோக்கு ஆகும். உலகின் பல நாடுகளில் பூச்சி சேகரிப்பு ஒரு சிலரின் ஆர்வமாக மட்டுமே உள்ளது. ஜப்பானிலோ இது குழந்தைகளின் கோடை விடுமுறையோடு இணைந்த பரவலான வழக்கமாகும். பெரியவர்களிடையிலும் இதற்கென இதழ்களும், கடைகளும், கண்காட்சிகளும் உள்ளன. கொம்புள்ள காண்டாமிருக வண்டுகளும், நீண்ட தாடைகளையுடைய மான்கொம்பு வண்டுகளும், ஒலியெழுப்பும் பாச்சைகளும் மிகுதியாக வளர்க்கப்படுகின்றன.

இப்பொழுதுபோக்கு இயற்கை மீதான ஈடுபாட்டையும் அறிவியல் நாட்டத்தையும் வளர்த்துள்ளது. அதே வேளையில், வெளிநாட்டு இனங்களின் வரவு, மரபுக் கலப்பு, வாழிட அழிவு ஆகிய சிக்கல்களுக்கும் இது ஒரு காரணமாக அமைந்துள்ளது.

பெயர்

பூச்சியைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் "முஷி" என்பதாகும். தமிழில் "பூச்சி புழு" என்று சேர்த்துக் கூறுவதைப் போல, இச்சொல் ஆறு கால்களுள்ள பூச்சிகளை மட்டுமன்றிப் புழு, சிலந்தி, பூரான் போன்ற முதுகெலும்பற்ற சிற்றுயிர்களையும் பொதுவாகக் குறிக்கும்.

மிகப் பரவலாக வளர்க்கப்படும் காண்டாமிருக வண்டின் பெயர் "கபுட்டோமுஷி". "கபுட்டோ" என்பது சாமுராய் வீரர்கள் அணிந்த தலைச்சீராவின் பெயராகும். மான்கொம்பு வண்டுகள் "குவகாட்டா" எனப்படுகின்றன. இது அத்தலைச்சீராவின் முன்புறத்தில் இரு கொம்புகளைப் போல் நீண்டிருக்கும் அணியின் பெயராகும்.

வரலாறு

தொடக்கத்தில் ஜப்பானியர் விரும்பி வளர்த்தவை ஒலியெழுப்பும் பூச்சிகளே. ஹெயன் காலத்தில் (794–1185) அரசவையினர் சுஸுமுஷி, மட்சுமுஷி ஆகிய பாச்சை வகைகளைப் பிடித்துக் கூண்டுகளில் வைத்தும், தோட்டங்களில் விட்டும் அவற்றின் ஒலியைக் கேட்டு மகிழ்ந்தனர். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாக்கி ஷிக்கிபு எழுதிய "கெஞ்சியின் கதை" என்னும் புதினத்தில் "சுஸுமுஷி" என்ற பெயரில் ஓர் இயலே உள்ளது. "பூச்சிகளை விரும்பிய இளவரசி" என்ற மற்றொரு பழங்கதையில், வண்ணத்துப்பூச்சிகளை விடுத்துக் கம்பளிப்புழுக்களைப் பெட்டிகளில் வளர்த்து அவற்றின் மாற்றத்தைக் கவனிக்கும் ஓர் உயர்குலப் பெண் தலைமை மாந்தராக வருகிறாள்.

எடோ காலத்தில் (1603–1868) இவ்வழக்கம் நகர மக்களிடையே பரவியது. மூங்கில் கூண்டுகளில் பூச்சிகளை விற்கும் "முஷிஉரி" என்னும் வணிகர்கள் தோன்றினர். ஈரமண் நிரப்பிய கலங்களில் முட்டைகளை வைத்து, அவற்றை வெப்பமான இடத்தில் காத்து, பருவத்துக்கு முன்பே பொரிக்கச் செய்யும் முறையும் கண்டறியப்பட்டது. இவ்வணிகத்தின் வரலாற்றை, ஜப்பானில் குடியேறிய எழுத்தாளர் லஃப்காடியோ ஹேர்ன் 1898-இல் வெளியான நூலொன்றில் ஒரு கட்டுரையாகப் பதிவு செய்துள்ளார்.

மெய்ஜி காலத்துக்குப் பின் மேலைநாட்டு அறிவியல் முறையில் பூச்சிகளைப் பிடித்து, பாடம் செய்து, வகைப்படுத்தும் வழக்கம் பள்ளிகள் வழியாக வேரூன்றியது. பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ழான் ஆன்றி ஃபேபரின் "பூச்சியியல் நினைவுகள்" 1922 முதல் ஜப்பானிய மொழியில் வெளிவரத் தொடங்கியது. பல மொழிபெயர்ப்புகளைக் கண்ட இந்நூல் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்களால் படிக்கப்பட்டு வருகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பொருளாதார வளர்ச்சிக் காலத்தில் நகரங்கள் விரிந்தன, காடுகள் தொலைவாயின. நகரத்துச் சிறுவர்களுக்காகப் பல்பொருள் அங்காடிகளிலும் வண்டுகள் விற்பனைக்கு வந்தன. பாடும் பூச்சிகளிடமிருந்து வண்டுகளின் பக்கம் ஆர்வம் திரும்பியது இக்காலத்திலாகும்.

வளர்க்கப்படும் பூச்சிகள்

கபுட்டோமுஷி

டிரைப்பாக்சிலசு டைக்கோட்டோமசு என்னும் அறிவியற் பெயருடைய இவ்வண்டு, தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின் துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் இது தென்னை வண்டைப் போல் பயிரைத் துளைத்து அழிப்பதில்லை. முதிர்ந்த வண்டு மரங்களிலிருந்து வடியும் சாற்றை உண்டு வாழ்கிறது. ஆண் வண்டின் தலையில் கவையாகப் பிரியும் நீண்ட கொம்பும், மார்பில் சிறிய கொம்பும் உண்டு. சாறு வடியும் இடத்துக்காகவும் பெண் வண்டுக்காகவும் ஆண்கள் போட்டியிடும்போது, கொம்பை எதிரியின் உடலுக்கு அடியில் செலுத்தி மரத்திலிருந்து தூக்கியெறிகின்றன.

இதன் வாழ்க்கைச் சுற்று ஓராண்டில் நிறைவுறும். கோடையில் பெண் வண்டு மட்கிய இலைக்குவியலில் முட்டையிடும். சுமார் இரு வாரங்களில் பொரித்து வரும் குடம்பி, மட்கை உண்டு இருமுறை தோலுரித்து, மூன்றாம் பருவத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும். கோடையின் தொடக்கத்தில் மண்ணுக்குள் நிமிர்ந்த வடிவில் ஓர் அறையை அமைத்துக் கூட்டுப்புழுவாகும். முதிர்ந்த வண்டு ஓரிரு மாதங்களே வாழும். பெரும்பாலானவை இலையுதிர் காலத்துக்குள் இறந்துவிடுகின்றன.

குவகாட்டா

மான்கொம்பு வண்டுகளில் கொம்பு போல் தோன்றுபவை உண்மையில் நீண்ட தாடைகளாகும். நொக்கோகிரி குவகாட்டா, மியாமா குவகாட்டா, கொகுவகாட்டா, ஓகுவகாட்டா ஆகியன ஜப்பானில் நன்கறியப்பட்டவை. இவற்றின் குடம்பிகள் பெரும்பாலும் பூஞ்சையால் மட்கிய மரத்தினுள் வாழ்கின்றன. ஓகுவகாட்டா முதிர்ந்த பின்னும் சில ஆண்டுகள் உயிர்வாழக் கூடியது. அமைதியான இயல்பும், அரிதாகக் கிடைக்கும் தன்மையும், நீண்ட ஆயுளும் சேர்ந்து இதனைச் சேகரிப்போர் மிகவும் விரும்பும் இனமாக்கின.

பாடும் பூச்சிகள்

சுஸுமுஷி என்பதற்கு "மணிப்பூச்சி" என்று பொருள். ஆண் பூச்சி இறக்கைகளை மேலே உயர்த்தி ஒன்றோடொன்று உரசிச் சிறுமணி போன்ற ஒலியை எழுப்புகிறது. வெள்ளரி, கத்தரி முதலிய காய்களுடன் உலர்மீன் தூள் போன்ற புரத உணவும் இதற்குத் தேவை. புரதம் குறையுமாயின் இவை ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. குளிர்காலத்தில் முட்டைகள் மண்ணிலேயே இருப்பதால், பூச்சிகள் யாவும் இறந்தபின்னும் மண்ணை உலரவிடாமல் காக்க வேண்டும். கியோத்தோவிலுள்ள கெகொன்-ஜி கோயிலில் ஆண்டு முழுவதும் சுஸுமுஷியின் ஒலி கேட்கும் வகையில் அவை வளர்க்கப்படுவதால், அக்கோயில் "சுஸுமுஷிக் கோயில்" என்றே அழைக்கப்படுகிறது.

பிடிக்கும் முறைகள்

கபுட்டோமுஷியும் குவகாட்டாவும் குனுகி என்னும் ஓக் வகை மரத்தின் சாற்றை நாடி வருகின்றன. இம்மரத்தின் பட்டைக்கடியில் வாழும் சில அந்துப்பூச்சிகளின் புழுக்கள் உண்டாக்கும் காயங்களிலிருந்து சாறு வடிந்து, புளித்து மணம் பரப்புகிறது. இரவிலோ விடியற்காலையிலோ இத்தகைய மரங்களைத் தேடிச் செல்வதே பழமையான முறையாகும். வாழைப்பழத்தைச் சாராயமும் சர்க்கரையும் சேர்த்துப் புளிக்க வைத்து, அதனை மெல்லிய துணிப்பையில் இட்டு மரத்தில் கட்டித் தொங்கவிடுவது மற்றொரு முறையாகும். விளக்கொளிக்கு வரும் வண்டுகளைப் பிடிப்பதும் உண்டு.

மட்கிய மரக்கட்டைகளை உடைத்துக் குடம்பிகளை எடுக்கும் முறையும் உள்ளது. மரம் மட்கிக் குடம்பிகள் வாழத்தக்க நிலையை அடையப் பல ஆண்டுகள் ஆகும். அதனைச் சில நிமிடங்களில் உடைத்துவிடலாம். எனவே இம்முறை பூச்சி ஆர்வலர்களிடையிலேயே கடும் கண்டனத்துக்கு உள்ளாகிறது.

வளர்க்கும் முறை

முதிர்ந்த வண்டை வளர்க்க மூடியுள்ள நெகிழிப் பெட்டி போதுமானது. அடியில் மட்கிய இலைத்தூளோ மரத்தூளோ இடப்படுகிறது. கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாகத் திரள வேண்டும். ஆனால் நீர் சொட்டக் கூடாது என்பதே ஈரப்பதத்தின் அளவாகும். மல்லாந்து விழுந்த வண்டு பற்றி எழுவதற்கு மரக்குச்சிகளும் பட்டைத் துண்டுகளும் இடப்படுகின்றன. பிடிமானம் இல்லையெனில் வண்டு கால்களை உதைத்துக் களைத்து விரைவில் இறந்துவிடும். உணவாக வண்டுகளுக்கெனத் தயாரிக்கப்படும் இனிப்புக் கூழ் சிறு கிண்ணங்களில் வைக்கப்படுகிறது. முற்காலத்தில் தர்ப்பூசணித் துண்டுகள் இடப்பட்டன. நீர்ச்சத்து மிகுந்து ஊட்டம் குறைந்திருப்பதால் அவை தற்போது பரிந்துரைக்கப்படுவதில்லை.

ஆண் வண்டுகளை ஒன்றாக வைத்தால் அவை போரிடும்; ஆகவே தனித்தனியே வைக்கப்படுகின்றன. கூட்டுப்புழுப் பருவத்தில் பெட்டியை அசைத்தலும் அறையைக் கிளறுதலும் கூடாது. அறை உடைந்துவிட்டால், மலர் அலங்காரத்துக்குப் பயன்படும் பஞ்சுக் கட்டியில் குழியமைத்து அதில் கூட்டுப்புழுவை வைத்துக் காப்பாற்றலாம்.

வண்டின் பருமன் குடம்பிப் பருவத்திலேயே முடிவாகிவிடுகிறது. முதிர்ந்த வண்டு மேலும் தோலுரிப்பதில்லையாதலால் அது வளர்வதும் இல்லை. நல்ல உணவு பெற்ற ஆண் குடம்பி நீண்ட கொம்புடைய வண்டாகவும், உணவு குறைந்தது சிறு கொம்புடைய வண்டாகவும் மாறும். சிறு வண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து "வளர்ந்து பெரிதாகும்" என்று காத்திருக்கும் சிறுவர் பலருக்கும் பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய முதற்பாடம் இதுவாகவே அமைகிறது.

குவகாட்டாக் குடம்பிகளுக்கென, மரத்தூளில் சிப்பிக் காளான் வகைகளின் பூஞ்சை இழைகளை வளர்த்து நிரப்பிய போத்தல்கள் பயன்படுகின்றன. சில மாதங்களுக்கு ஒருமுறை போத்தல் மாற்றப்படும். இம்முறையினால் இயற்கையில் அரிதாகவே காணப்படும் பருமனுள்ள வண்டுகளை வீட்டிலேயே உருவாக்க முடிந்தது.

பாடம் செய்தல்

இறந்த வண்டுகளைப் பாடம் செய்து காப்பது இப்பொழுதுபோக்கின் மற்றொரு பகுதியாகும். வண்டுகளுக்கு ஊசி நடுவில் குத்தப்படுவதில்லை. வலப்புற இறக்கை உறையின் மேற்பகுதியில் குத்தப்படுகிறது. கால்களையும் உணர்கொம்புகளையும் ஒழுங்குபடுத்தி, உலர வைத்து, காற்றுப்புகாத பெட்டியில் பூச்சிவிரட்டி மருந்துடன் வைக்கின்றனர். பிடித்த இடம், நாள், பிடித்தவர் பெயர் ஆகியன குறித்த சிறு சீட்டு ஊசியிலேயே செருகப்பட வேண்டும். இச்சீட்டு இல்லாத பூச்சி அழகுப் பொருள் மட்டுமே. சீட்டு உள்ள பூச்சி, ஓர் இனம் குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட இடத்தில் வாழ்ந்தது என்பதற்கான சான்றாகும்.

வணிகம்

1990களில் ஓகுவகாட்டா மீதான மோகம் உச்சத்தை எட்டியது. 80 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு வண்டு 1999-இல் ஒரு கோடி யென்னுக்கு விற்கப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. செயற்கை வளர்ப்பு முறைகள் பரவியபின் விலைகள் பெரிதும் வீழ்ந்தன.

பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வெளிநாட்டு வண்டுகளை உயிருடன் இறக்குமதி செய்யத் தடை இருந்து வந்தது. பயிர்களுக்குத் தீங்கற்றவை எனக் கருதப்பட்ட இனங்களுக்கு 1999 நவம்பரில் இத்தடை நீக்கப்பட்டது. அதன்பின் தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா முதலிய பகுதிகளிலிருந்து ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான வண்டுகள் வந்திறங்கின. அமெரிக்கக் கண்டத்து எர்க்குலிசு வண்டு, தென்கிழக்கு ஆசியாவின் காக்கசசு வண்டு முதலியன செல்லப் பிராணிக் கடைகளில் சாதாரணமாகக் கிடைத்தன. 2003-இல் சேகா நிறுவனம் வெளியிட்ட "முஷிகிங்" என்னும் வண்டுச் சண்டை அட்டை விளையாட்டு, வெளிநாட்டு வண்டுகளின் பெயர்களைச் சிறுவர்களிடையே மேலும் பரப்பியது.

சுற்றுச்சூழல் சிக்கல்கள்

மரபுக் கலப்பு

ஜப்பானின் தீவுகளில் வாழும் ஹிராட்டா குவகாட்டா என்னும் வண்டு, தீவுக்குத் தீவு வேறுபடும் பல துணையினங்களைக் கொண்டது. இவை நீண்ட காலம் தனித்திருந்து உருவானவை. இதே இனத்தின் தென்கிழக்கு ஆசியத் துணையினங்கள் உருவில் மிகப் பெரியவை. தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கொய்ச்சி கொக்காவும் குழுவினரும், சுமாத்திராவின் பெண் வண்டுகளும் ஜப்பானிய ஆண் வண்டுகளும் இணைந்து இனப்பெருக்கத் திறனுள்ள கலப்பினங்களைத் தோற்றுவிக்க முடியும் எனக் காட்டினர். தப்பிச் சென்ற அல்லது வெளியே விடப்பட்ட சில வண்டுகளே போதும்; உள்நாட்டு மரபுவழி கலந்துவிடும். கலந்தபின் அதனை மீட்க வழியில்லை. இறக்குமதியான வண்டுகளுடன் ஒட்டுண்ணிச் சிற்றுண்ணிகளும் வரக்கூடும் என்பதையும் இவ்வாய்வுகள் சுட்டின.

இச்சிக்கல் வெளிநாட்டு இனங்களுக்கு மட்டும் உரியதன்று. வட தீவான ஹொக்கைடோவில் கபுட்டோமுஷி இயல்பாக வாழ்ந்ததில்லை. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டவை வெளியேறி அங்கே நிலைபெற்றுவிட்டதால், அத்தீவில் அது அயல் இனமாகக் கருதப்படுகிறது. பருவம் முடியும்போது வண்டை "விடுதலை செய்வது" இரக்கச் செயலாகத் தோன்றினாலும், பிடித்த இடம் அல்லாத வேறிடத்தில் விடுவது தீங்காகவே முடியலாம்.

வாழிட அழிவு

வண்டுகளின் முதன்மை வாழிடம் அடர்காடன்று. ஊரையும் வயலையும் ஒட்டி மனிதர் பேணிய "சத்தொயாமா" என்னும் தோப்புக்காடாகும். விறகுக்கும் மரக்கரிக்கும் ஓக் மரங்கள் சுமார் 15 முதல் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டப்பட்டு, அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்க்க விடப்பட்டன. உதிர்ந்த இலைகள் குவிக்கப்பட்டு வயலுக்கு உரமாயின. சாறு வடியும் மரங்களும் இலைக்குவியல்களும் வண்டுகளுக்கு உணவும் இருப்பிடமும் அளித்தன. 1960களில் எரிவளியும் எண்ணெயும் வேதியுரமும் பரவியபின் இத்தோப்புகள் கைவிடப்பட்டன. பல குடியிருப்புகளாக மாறின. ஓகுவகாட்டா ஜப்பானிய அரசின் செம்பட்டியலில் அழிவுக்குள்ளாகக் கூடிய இனமாகச் சேர்க்கப்பட்டுள்ளது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஒரு வண்டு காட்டில் அரிதாகிவிட்டது என்பது இப்பொழுதுபோக்கின் பெரும் முரண்பாடாகும்.

சட்டங்கள்

2004-இல் இயற்றப்பட்டு 2005-இல் நடைமுறைக்கு வந்த அயல் இனங்கள் சட்டம், தீங்கு விளைவிக்கும் இனங்களை இறக்குமதி செய்வதையும் வளர்ப்பதையும் விடுவிப்பதையும் தடை செய்கிறது. ஒக்கினாவாவின் வடபகுதியில் மட்டும் வாழும் நீண்ட முன்கால்களையுடைய யன்பாரு வண்டு 1984-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. 1985-இல் இயற்கை நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இதனைக் காக்கும் பொருட்டு, இதற்கு நெருங்கிய வெளிநாட்டு வண்டுகள் 2006-இல் அயல் இனங்கள் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. பெரும்பாலான வெளிநாட்டு மான்கொம்பு வண்டுகள் இத்தடைக்குள் வரவில்லை. ஏற்கெனவே வளர்க்கப்பட்டு வரும் ஏராளமான வண்டுகளைத் தடை செய்தால், உரிமையாளர்கள் அவற்றைக் காட்டில் விட்டுவிடக் கூடும் என்ற அச்சம் இதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. ஆகவே "கொண்டுவராதீர், கைவிடாதீர், பரப்பாதீர்" என்னும் மூன்று நெறிகளை அரசு வலியுறுத்துகிறது.

"தகமே" என்னும் பெரிய நீர்ப்பூச்சி 2020-இல் புதிய வகைப் பாதுகாப்பைப் பெற்றது. விற்பனைக்காக இதனைப் பிடிப்பதும் விற்பதும் தடை செய்யப்பட்டன. ஆனால் ஆய்வுக்கோ சொந்த வளர்ப்புக்கோ பிடிப்பது தடை செய்யப்படவில்லை. வணிகத்தைக் கட்டுப்படுத்தியும் சிறுவரின் ஆர்வத்தைத் தடுக்காமலும் இருக்கும் வகையில் இது அமைக்கப்பட்டுள்ளது.

அறிவியல் பங்களிப்பு

கோடை விடுமுறையில் தாமே ஒரு பொருளைத் தேர்ந்து ஆராயும் "தன்னாய்வு" ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளின் வழக்கமாகும். பூச்சி வளர்ப்பு இதற்குரிய விருப்பமான பொருள்களுள் ஒன்று. சைத்தாமா மாநிலத்துத் தொடக்கப்பள்ளி மாணவர் ஒருவர், தம் வீட்டுத் தோட்டத்திலிருந்த ஷிமாதொனெரிக்கோ என்னும் அழகுமரத்துக்கு வந்த கபுட்டோமுஷிகளை அடையாளமிட்டுத் தொடர்ந்து கவனித்தார். இரவில் மட்டும் இயங்கும் எனக் கருதப்பட்ட இவ்வண்டு, இம்மரத்தில் பகலிலும் தங்கி உண்பதை அவர் கண்டறிந்தார். யமகுச்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர் வட்டாரு கொஜிமாவுடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரை 2021-இல் "எக்காலஜி" என்னும் பன்னாட்டு ஆய்விதழில் வெளியானது.

பண்பாட்டில்

பூச்சி வளர்ப்பின் தாக்கம் ஜப்பானியக் கலைகளில் பரவலாகக் காணப்படுகிறது. வரைகதைக் கலைஞர் ஒசாமு தெசுக்கா, "ஒசாமுஷி" என்னும் தரைவண்டின் நினைவாகத் தம் பெயரின் எழுத்துகளுடன் பூச்சியைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்துக் கொண்டார். 1996-இல் வெளியான போக்கிமான் விளையாட்டை உருவாக்கிய சத்தோஷி தஜிரி, தம் இளமைக்காலப் பூச்சி சேகரிப்பே அதற்குத் தூண்டுதல் எனக் கூறியுள்ளார்.

பிடித்துக் கொல்லப்பட்ட பூச்சிகளுக்கு நினைவுக்கல் நாட்டும் வழக்கமும் உண்டு. பூச்சிகளைத் துல்லியமாக வரைந்த சிற்றரசர் மசுயாமா செஸ்சாய், தம் ஓவியங்களுக்காக உயிர்விட்ட பூச்சிகளுக்கு நினைவுக்கல் அமைக்க விரும்பினார். அது அவர் இறந்தபின் 1821-இல் நாட்டப்பட்டு, இன்று தோக்கியோவின் உவெனோவிலுள்ள கன்னெய்-ஜி கோயிலில் உள்ளது. உடற்கூற்றியல் அறிஞரும் பூச்சி சேகரிப்பாளருமான தக்கேஷி யோரோவின் முயற்சியால் 2015-இல் கமகுராவின் கென்ச்சோ-ஜி கோயிலில் மற்றொரு நினைவிடம் அமைக்கப்பட்டது. ஆண்டுதோறும் சூன் 4-ஆம் நாள் அங்குப் பூச்சிகளுக்காக வழிபாடு நடைபெறுகிறது. ஆறு, நான்கு ஆகிய எண்களின் ஜப்பானிய ஒலிப்பைச் சேர்த்தால் "முஷி" என்றாவதால் அந்நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது.